கொட்டில்பாட்டிலிருந்து ரோக்கிக்கு

எங்கள் கடற்கரையில் வேற்று நாட்டு அணிக்காகத் தொண்டை வற்றக் கத்துவது புதிதல்ல. கால்பந்து உலகக் கோப்பை வந்துவிட்டால் தூத்தூர்ப் பக்கத்துத் தெருக்களில் பிரேசிலும் அர்ஜென்டினாவும் கொடி கட்டிப் பறக்கும். ஆனால் பேஸ்பாலுக்காக ஜப்பானின் பக்கம் நின்ற ஆள் 2023 மார்ச்சில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். அப்புறம் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த மாதம் இரண்டு வார விடுப்பில் நாகர்கோவில் வந்திருந்தேன். வேர்ல்டு பேஸ்பால் கிளாசிக் நடந்துகொண்டிருந்தது. நாடுகள் மோதும் பேஸ்பால் போட்டிகளில் பெரியது அது. மார்ச் 11, சனிக்கிழமை, டோக்கியோ டோமில் ஜப்பானும் செக் குடியரசும் ஆடவிருந்தன. நம் நேரப்படி பிற்பகல் மூன்றரை மணி. ஜப்பானுக்கு முதலில் பந்தெறியப் போகிறவர் ரோக்கி சசாகி, வயது 21. அந்தத் தேதியில் அவர் எறிகிறார் என்று படித்ததுமே, ஆட்டத்தைக் குளச்சல் பக்கத்துக் கொட்டில்பாட்டில் மாமி வீட்டில் இருந்துதான் தொடர வேண்டும் என்று தோன்றிவிட்டது.

காரணம் இதுதான். சசாகி பிறந்த ஊர் ரிக்குசென்தகாதா, ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. 2011 மார்ச் 11 அன்று வந்த சுனாமியில் அவருடைய அப்பாவும் தாத்தா பாட்டியும் போய்விட்டார்கள். அப்போது அவருக்கு ஒன்பது வயது. சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, அதே தேதியில், நாட்டின் சட்டை போட்டுக்கொண்டு ஆடவருகிறார். என் தாய்மாமா 2004 டிசம்பர் 26 அன்று கொட்டில்பாட்டில் கடலோடு போனவர். மாமாவின் மகனுக்கு அன்று மூன்று வயது. அவனும் சசாகியும் ஒரே வருடம் பிறந்தவர்கள்.

தங்கையின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பினேன். குளச்சலுக்கு நேர்வழி இருந்தும் கடலோரமாகவே போக ஆசை. முதலில் மணக்குடி. பழையாறு கடலில் சேரும் இடம். சுனாமி அன்று இங்கிருந்த பாலம் அடித்துக்கொண்டு போய், மேலமணக்குடியும் கீழமணக்குடியும் இரண்டாகப் பிரிந்து நின்றன. ராணுவம் வந்து தற்காலிக இரும்புப் பாலம் போட்டது. புதிய பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயலும் அலையாத்திச் செடிகளும். ரிக்குசென்தகாதா கரையில் சுமார் 70,000 பைன் மரங்கள் இருந்தனவாம். சுனாமிக்குப் பிறகு நின்றது ஒன்றே ஒன்று. அந்த ஒற்றை மரத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பொழிமுகம்தான் நினைவுக்கு வரும்.

பள்ளம், ராஜாக்கமங்கலம் துறை, முட்டம் கலங்கரை விளக்கம் என்று போய், மண்டைக்காட்டில் வண்டி நின்றுவிட்டது. பகவதி அம்மன் கோயிலில் மாசிக் கொடை நேரம். இருமுடி கட்டிய பெண்கள் கூட்டங்கூட்டமாக நடந்து வந்தார்கள். கேரளத்திலிருந்து வந்த பேருந்துகள் வரிசையாக நின்றன. அரை மணி நேரம் அங்கேயே போனது.

கொட்டில்பாடு குளச்சலை ஒட்டிய சிற்றூர். கடலுக்கும் ஏ.வி.எம். கால்வாய்க்கும் நடுவில் ஒரு நீள் துண்டு நிலம். அன்று அலையைப் பார்த்து ஓடியவர்களைக் கால்வாய் மறித்துக்கொண்டது. மாவட்டம் முழுக்க 800 பேரளவில் இறந்தார்கள் என்றால், அதில் பெரும்பங்கு குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும்தான். வருடாவருடம் டிசம்பர் 26 அன்று கல்லறைத் தோட்டங்களில் திருப்பலி நடக்கும். நான் போனது மார்ச் என்பதால் அங்கே ஆளில்லை. மாமாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை கையை மறைத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மூன்றரை மணிக்கு மாமி வீட்டுத் திண்ணையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். போனில் ஒவ்வொரு பந்துக்கும் விவரம் எழுத்தில் ஓடும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். மச்சான் கால்பந்துக்காரன், பேஸ்பால் தெரியாது.

"மக்கா, ஃபுல்டாஸாவே எறிவான். தரையில குத்தாது. அடிக்க வேண்டிய பந்த விட்டாலோ, வீசித் தப்பினாலோ ஸ்ட்ரைக். மூணு ஸ்ட்ரைக் ஆனா அவுட்."

"எவ்வளவு வேகம்?"

"இவன் நூத்தி அறுபத்து நாலு."

அதைக் கேட்டதும் போனை வாங்கி அவனே வைத்துக்கொண்டான். கிரிக்கெட்டில் ஷோயப் அக்தர் 2003-ல் போட்ட 161.3 கிலோமீட்டர்தான் இன்றும் சாதனை. சசாகி அன்று 164-ஐத் தொட்டார். பந்தெறியும் மேட்டுக்கும் மட்டையாளர் நிற்கும் இடத்துக்கும் நடுவே பதினெட்டரை மீட்டர்கூட இல்லை. மட்டையைச் சுழற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அரை விநாடிகூடக் கிடைக்காது.

ஆனால் முதல் ரன் எடுத்தது செக். ஜப்பானின் தடுப்பில் நடந்த ஒரு தவறில் வந்தது. அந்த அணியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதக்கூடாது. பெரும்பாலானோருக்கு வேறு வேலை இருக்கிறது. பயிற்சியாளர் பாவெல் ஹாதிம் நரம்பியல் மருத்துவர். அன்று பந்தெறிந்த ஓண்ட்ரேய் சட்டோரியா ஒரு எலக்ட்ரீஷியன். அவருடைய வேகம் 130 கிலோமீட்டரைக்கூட எட்டாது. அந்த மெதுவான பந்தில்தான் ஜப்பானின் பெரிய நட்சத்திரம் ஷோஹே ஒதானியே ஸ்ட்ரைக் அவுட் ஆனார். பின்னால் அரையிறுதிக்காக மயாமியில் வந்து இறங்கியபோது ஒதானி தலையில் இருந்தது செக் அணியின் தொப்பி.

பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். சசாகி நான்காவது இன்னிங்ஸ் முடியும் முன்பே வெளியே போனார். முதல் சுற்றில் ஒருவர் 65 பந்துக்கு மேல் எறியக்கூடாது என்பது போட்டியின் விதி. எட்டு பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியிருந்தார். அவர் எறிந்த ஒரு பந்து வில்லி எஸ்கலா என்ற செக் ஆட்டக்காரரின் காலில் பட்டது. மனிதர் விழுந்து, எழுந்து, தனக்கு ஒன்றுமில்லை என்று காட்டக் கோட்டோரம் ஓடிக் காட்டினார். ஜப்பான் 10-2 என்று வென்றது.

மாமி அதுவரை மீன் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் பையனுக்க அம்மை இருக்காளா?" என்றாள்.

"இருக்காங்க மாமி. அம்மாதான் மூணு பசங்களையும் வளத்தாங்க."

மாமி கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நொடி மச்சானைப் பார்த்தாள். பிறகு மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

இரண்டொரு நாள் கழித்து இன்னொரு செய்தி வந்தது. சசாகி பை நிறைய மிட்டாய் வாங்கிக்கொண்டு செக் அணி தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய், எஸ்கலாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். போனில் மாமியிடம் சொன்னேன். "நல்ல வளர்ப்பு" என்றாள். அதன் பிறகு அவர் அவளுக்கு "நம்ம பையன்" ஆகிவிட்டார்.

அரையிறுதி மார்ச் 21 விடிகாலை, நாலரை மணிக்கு. மெக்சிகோவுக்கு எதிராக மறுபடி சசாகி. முந்தின இரவே கொட்டில்பாடு போய்த் தங்கி, மச்சானோடு குளச்சல் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். இருட்டிலேயே வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. ஏலச் சத்தத்துக்கு நடுவில், ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து கட்டன் சாயாவும் போனுமாக இருந்தோம். நான்காவது இன்னிங்ஸில் மெக்சிகோவின் லூயிஸ் உரியாஸ் சிக்ஸர் போலத் திடலுக்கு வெளியே அடித்த ஹோம் ரன்னில் மூன்று ரன் போனது. மச்சான் எதுவும் பேசாமல் எழுந்து கடல் பக்கம் நடந்தான்.

ஏழாவது இன்னிங்ஸில் மசதகா யோஷிதா ஒரே அடியில் மூன்று ரன் எடுத்துச் சமன் செய்தார். ஓடிப்போய் அவனைக் கூட்டிவந்தேன். மெக்சிகோ மறுபடி முந்தியது. கடைசி இன்னிங்ஸில் ஜப்பானுக்கு ஒரு ரன் பற்றாக்குறை. ஒதானி முதல் பந்தையே அடித்து, ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டு ஓடி இரண்டாம் தளத்தில் (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் இரண்டாவது) நின்று, தன் அணியைப் பார்த்துக் கைகளைத் தூக்கிக் கத்தினார். யோஷிதாவுக்கு வந்த நான்கு பந்துகள் சரியான இடத்தில் விழாததால், அடிக்காமலேயே முதல் தளம் போனார். அடுத்து முனெதகா முரகாமி. முந்தைய வருடம் 56 ஹோம் ரன் அடித்தவர், இந்தப் போட்டியில் அதுவரை தடுமாறிக்கொண்டிருந்தவர். அவர் அடித்த பந்து நடுத்திடல் சுவரில் போய் மோதியது. இரண்டு ரன். 6-5. மச்சான் போட்ட சத்தத்தில் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் இறுதி ஆட்டத்துக்குக் கன்னியாகுமரி போனேன். மச்சானுக்குக் கடல் வேலை, தனியாகத்தான். சூரிய உதயம் பார்க்க வந்த கூட்டம் கலைந்த பிறகும் சுனாமி நினைவுத் தூண் அருகே உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி சுமாருக்கு ஜப்பான் 3-2 என்று முன்னால். கடைசி இன்னிங்ஸில் பந்தெறிய வந்தவர் ஒதானி. கடைசி ஆள் அமெரிக்காவின் மைக் ட்ரவுட். இருவரும் அப்போது அமெரிக்க லீக்கில் ஏஞ்சல்ஸ் அணியில் ஒன்றாக ஆடுகிறவர்கள். மூன்று 'பால்' (அடிக்க வேண்டிய இடத்துக்கு வெளியே போன பந்து), இரண்டு ஸ்ட்ரைக். இனி ஒரு பந்து. போன் திரை அசையாமல் நின்றது. புதிய வரி வந்தபோது ட்ரவுட் அவுட். 2006, 2009-க்குப் பிறகு ஜப்பானுக்கு மூன்றாவது பட்டம்.

மாமியைக் கூப்பிட்டேன்.

"ஜெயிச்சாச்சு மாமி."

"நம்ம பையன் எறிஞ்சானா?"

"இன்னைக்கு அவன் இல்ல. வேற ஆளு."

"அதுக்கென்ன, அவனுக்கும் சேத்துத்தானே கிண்ணம்." பின்னால் மச்சான் குரல் கேட்டது, கரைக்கு வந்துவிட்டான் போல. "சாளை கிடைச்சிருக்கு. மத்தியானத்துக்கு வந்துரு மக்களே."

வண்டியைக் கடலோரப் பாதைக்கே திருப்பினேன்.