நார்டன் செயின்ட் பிலிப் பப்பும் எங்க அப்பத்தா வீடும்

இங்கிலாந்துல பாத் நகரத்துல தங்கச்சி வீடு, போன வருசம் போயிருந்தப்போ மாப்பிள்ளை "மச்சான், உங்களுக்கு ஒரு பழைய பப் காட்டுறேன், நீங்க குடிக்க வேணாம், கட்டடத்த மட்டும் பாருங்க"ன்னு பக்கத்து கிராமத்துக்கு கூட்டிட்டுப் போனாரு. நான் பாம்பன்காரன், அப்பா வல்லம்னு சொல்ற மரப் படகு கட்டுற ஆசாரி, மரத்தப் பாத்தா தொடாம இருக்க முடியாது.

ஊரு பேரு நார்டன் செயின்ட் பிலிப், பப் பேரு தி ஜார்ஜ் இன். 14ஆம் நூற்றாண்டுல ஹிண்டன் மடத்துத் துறவிங்க கம்பளி வியாபாரத்துக்காக கட்டினது. 1685ல ராஜாவ எதிர்த்துக் கிளம்பின மன்மத் பிரபுவோட கலகப் படை வந்து தங்கின இடம். கீழ்த்தளம் கல்லு, அதுக்கு மேல ரெண்டு மாடி முழுக்க ஓக் மரச்சட்டம், ஒவ்வொரு மாடியும் கீழ உள்ளத விட கொஞ்சம் தெருப்பக்கம் நீட்டிக்கிட்டு நிக்குது.

அந்தக் காலத்து ஆசாரிங்க ஓக்க காய வைக்காம பச்சையாவே அறுத்திருக்காங்க. காஞ்சா இரும்பு மாதிரி ஆயிடும், உளி இறங்காது. கழுந்துல (உள்ள நுழையிற மர நாக்கு) போடுற ஓட்டைய கூட்டுல (அது நுழையிற குழி) உள்ள ஓட்டைக்கு ஒரு நூல் தள்ளிப் போட்டு மர ஆணிய அடிச்சா, ஆணி ரெண்டையும் இழுத்துக் கவ்விக்கும், மரம் காயக் காய இன்னும் இறுகும். முழுச் சட்டத்தையும் முதல்ல தரையில கோத்துப் பாத்து, ஒவ்வொரு மூட்டுலயும் உளியால நம்பர் மாதிரி கோடு கீறி, பிரிச்சு வண்டியில ஏத்திக் கொண்டு போய் மறுபடி நிறுத்துறது வழக்கமாம். மர ஆணித் தலைய விரலால தடவிப் பாத்தேன், அப்பா ஞாபகம் வந்து கண்ணு கலங்கிருச்சு.

சட்டத்துக்கு நடுவுல உள்ள சுவருக்கு குச்சிய பின்னி களிமண்ணு, வைக்கோல், சாணி குழைச்சு அப்பி மேல சுண்ணாம்பு அடிப்பாங்க. ஈரம் உள்ள போனாலும் அது வழியாவே வெளிய வந்துரும். பின்னால வந்தவங்க இந்த மாதிரி வீடுகளுக்கு சிமெண்ட் பூசினப்போ ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே தேங்கி, பல ஊர்ல 500 வருசம் நின்ன ஓக்கு உளுத்துப் போயிருக்கு.

இதக் கேட்டதும் எனக்கு எங்க அப்பத்தா வீடுதான் நெஞ்சுல வந்து நின்னுச்சு. முருகைக்கல்லு, அதாவது கடல் பவளப் பாறைய வெட்டின கல்லுல கட்டின சுவரு, கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் போட்டு அரைச்ச சுண்ணாம்புப் பூச்சு, சித்திரை வெயில்லயும் உள்ள குளுகுளுன்னு இருக்கும். பத்து வருசத்துக்கு முன்னாடி ஒழுகுதேன்னு நாங்களே ஆள வச்சு சிமெண்ட் பூசிட்டோம். இப்ப முழங்கால் உயரத்துக்கு உவர் ஏறி, கை வச்சா பூச்சு அப்பளம் மாதிரி பொரிஞ்சு உதிருது, உள்ள கல்லு மாவா கொட்டுது. அந்தக் கல்ல திரும்ப வாங்கவும் முடியாது, 2001லயே பவளத்த வனவிலங்குச் சட்டத்துல சேத்துட்டாங்க, சேத்தது சரிதான், மன்னார் வளைகுடாவுல மிச்சம் இருக்கிறதாவது பொழைக்கணும். அதனாலதான் இருக்குற சுவர விடக்கூடாதுன்னு தோணுது. இங்கிலாந்துல அந்த மாதிரி பாதுகாக்கணும்னு அரசு பட்டியல்ல சேத்த கட்டடத்துல அனுமதி வாங்காம அதோட தன்மைய மாத்துற எந்த வேலையும் செய்ய முடியாது, நம்ம பக்கம் சாதாரண வீடுன்னா கேக்க ஆளில்ல.

பொங்கலுக்கு ஊருக்குப் போறேன், வடக்குச் சுவர் சிமெண்ட்ட முதல்ல கொத்தி எடுக்கணும். கடுக்காய்ச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிஞ்ச கொத்தனார் ராமேஸ்வரம், கீழக்கரை பக்கம் யாராவது இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க.