அடுப்புப் புகையும் ஏழாம் மாதமும்

7 ஜனவரி 2025, செவ்வாய்

திண்டிவனம் பக்கத்து ஊர். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைப் பார்க்கப் போனேன். ரத்த அழுத்தம் சரி. ஹீமோகுளோபின் 9.4தான், ரத்தம் குறைவு. இருமல் விடவே இல்லை. கேஸ் அடுப்பு பளபளவென்று இருக்கிறது. டீ போட மட்டும். சோறும் குழம்பும் வேலிக்காத்தான் விறகில். மார்கழிக் குளிருக்கு வீட்டில் எல்லோருக்கும் வெந்நீரும் அதில்தான். கூரை தாழ்ந்த வீடு, ஜன்னல் இல்லை. ஐந்து நிமிடத்தில் எனக்கே கண் எரிந்தது.

"சிலிண்டர் எண்ணூறு ரூபாய்க்கு மேல போவுது நர்சம்மா. வெறகு சும்மா கெடைக்குது" என்றார் மாமியார். நூறு நாள் வேலைக் கூலியும் இன்னும் கைக்கு வரவில்லையாம். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

8 ஜனவரி, புதன்

தடுப்பூசி நாள். பிறந்தபோது 2,300 கிராம் இருந்த பிள்ளை ஒன்றரை மாத ஊசிக்கு வந்தது. எடை நன்றாக ஏறியிருக்கிறது.

"நல்லாத்தான சாப்பிட்டேன்கா, ஏன் எடை கொறைஞ்சு பொறந்தான்?" என்று கேட்டாள் தாய். 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் குறை எடை. ரத்தசோகை, ரத்த அழுத்தம், நாள் நிறையாத பிரசவம் என்று காரணங்கள் பல. இவளுக்கு இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் புகையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஏற்கெனவே ரத்தம் குறைந்தவள் அடுப்பை ஊதினால், பிள்ளைக்குப் போகும் ஆக்சிஜன் இன்னும் குறையும். நேற்றுப் பார்த்த 9.4 நினைவிலேயே நிற்கிறது.

10 ஜனவரி, வெள்ளி

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தில் ஆய்வாளர் கல்பனா பாலகிருஷ்ணனின் குழு, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 1,285 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வந்தது. காற்றில் நுண்துகள் (பிஎம் 2.5) ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது. 4 கிராம்தானே என்று தோன்றும். விறகு எரியும் அடுப்படியில் அளவு நூற்றுக்கணக்கில் ஏறுமே!

அப்புறம் வீட்டு அடுப்புப் புகை பற்றிய ஹேபின் (HAPIN) ஆய்வு. நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள். இங்கே விழுப்புரமும் நாகப்பட்டினமும். பாதிப் பேருக்கு கேஸ் இலவசம், மீதிப் பேர் பழைய அடுப்பிலேயே. அவர்கள் சுவாசித்த நுண்துகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தும், பிள்ளைகளின் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. வருத்தமாக இருந்தது. ஆனால் அடுப்பு கைக்கு வந்தபோதே கர்ப்பம் 9 வாரத்தைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகி வரும்போதே புகையில்லாத அடுப்படி இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

13 ஜனவரி, திங்கள், போகி

விடியும் முன்பே டயர் எரிக்கிறார்கள். பனியோடு புகை கீழேயே நிற்கிறது. கேஸில் சமைப்பவளுக்கும் இதிலிருந்து தப்ப வழியில்லை. கர்ப்பிணிகளை வெயில் ஏறும்வரை வெளியே வர வேண்டாம் என்று போனில் சொன்னேன்.

21 ஜனவரி, செவ்வாய்

அந்த ஏழு மாதக் கர்ப்பிணியின் மாமியார் வெந்நீர் அடுப்பைக் கொல்லைக்கு மாற்றிவிட்டார். சோறு இனி கேஸில். பிரசவம் வரை மருமகள் விறகடுப்புப் பக்கம் போகக் கூடாதாம். குழம்பு மட்டும் இன்னும் விறகில்தான். இருமல் குறைந்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையையும் ஒழுங்காகப் போடுகிறாள்.

26ஆம் தேதி கிராம சபை. ஏரிக்கரையில் குப்பை எரிப்பதை நிறுத்தச் சொல்லி மனு எழுதியாயிற்று. கையெழுத்து போட மாமியாரும் வருகிறேன் என்றிருக்கிறார்.