ஆஃப்செட்டா, டிஜிட்டலா: 25 பெட்டிகள் கற்றுத்தந்த கணக்கு

என் முதல் கட்டுரைத் தொகுப்பை நானே பதிப்பித்தபோது, அச்சகத்தார் கொடுத்த விலைப்பட்டியலில் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்த்தேன்: ஒரு பிரதியின் அடக்கவிலை. 300 பிரதிகள் அடித்தால் ஆகும் அடக்கத்தில் பாதிதான் 1000 அடித்தால் ஆகும் என்று தெரிந்ததும், வேறெதையும் யோசிக்காமல் ஆயிரத்துக்குத் தலையாட்டிவிட்டேன். டெமி என்னும் வழக்கமான புத்தக அளவில் 240 பக்கப் புத்தகம். பெட்டிக்கு 40 பிரதிகள், ஒவ்வொரு பெட்டியும் ஏறத்தாழ 11 கிலோ. அப்படி 25 பெட்டிகள் வந்து இறங்கின. மூன்று ஆண்டுகளில் விற்றவை 350 பிரதிகள். மீதிப் பெட்டிகளின் மேல் ஒரு பலகையைப் போட்டு மேசையாகப் பயன்படுத்தி, அடுத்த நூலின் பெரும்பகுதியை அதன்மீதுதான் எழுதினேன்.

அந்த ஆயிரமும் அச்சான ஆஃப்செட் முறையில் செலவு எங்கே விழுகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. அம்முறையில் பக்கங்கள் ஒவ்வொன்றாக அச்சாவதில்லை. பெரிய தாளின் ஒரு புறத்தில் எட்டுப் பக்கங்கள், மறுபுறத்தில் எட்டு என்று 16 பக்கப் பாரங்களாக அச்சாகிப் பின்னர் மடிக்கப்படுகின்றன. 240 பக்கங்களுக்கு 15 பாரங்கள். புறத்துக்கு ஒரு பிளேட், அதாவது அச்சுத் தகடு, என்று வைத்துக்கொண்டால், கறுப்பு மை மட்டுமே கொண்ட உட்பக்கங்களுக்கே 30 பிளேட்டுகள் வேண்டும். பிளேட்டில் எழுத்துள்ள இடம் மையைப் பிடித்துக்கொள்ள, எழுத்தில்லாத இடம் நீரைப் பிடித்துக்கொண்டு மையை விலக்கும். கல்லச்சு முறையைக் கண்டுபிடித்த செனஃபெல்டர் 1796இல் அதில் கண்ட அதே எண்ணெய்-நீர்ப் பகைதான் இன்றைய அலுமினியத் தகட்டிலும் வேலை செய்கிறது. மையும் நீரும் அளவுக்கு வரும்வரை ஓடும் தாள்கள் கழிவாகிவிடும். இத்தனை ஏற்பாடும் 10 பிரதிக்கும் ஒன்றுதான், 10,000 பிரதிக்கும் ஒன்றுதான் என்பதால், எண்ணிக்கை கூடக்கூட அது பல பிரதிகளின் தலையில் பங்கிடப்பட்டு அடக்கவிலை இறங்குகிறது.

டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது. கோப்பிலிருந்து நேரே தாளுக்குப் போகிறது. டோனர் பொறியாக இருந்தால், மின்னேற்றத்தால் தாளில் படியும் பொடி சூட்டில் உருகி ஒட்டிக்கொள்கிறது. முதல் பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் ஏறத்தாழ ஒரே செலவு.

இரண்டில் எது மலிவு என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிடலாம். எடுத்துக்காட்டாக, ஆஃப்செட்டின் தொடக்கச் செலவு 3000 அலகு என்றும், அதன்பின் பிரதிக்கு 4 அலகு என்றும், டிஜிட்டலில் பிரதிக்கு 10 அலகு என்றும் கொள்வோம். தொடக்கச் செலவான 3000ஐ, 10க்கும் 4க்கும் உள்ள வேறுபாடான 6ஆல் வகுத்தால் 500 வரும். ஐந்நூறுக்கு மேல் ஆஃப்செட், அதற்குக் கீழே டிஜிட்டல் என்று எல்லாரும் இந்த இடத்திலேயே கணக்கை மூடிவிடுகிறார்கள், நானும் மூடினேன். ஆனால் 1000 பிரதிக்கு ஆகும் மொத்தச் செலவு 7000 அலகு, விற்றவை 350 மட்டுமே என்றால், விற்ற ஒவ்வொரு பிரதியும் எனக்கு 20 அலகுக்கு அடங்கியிருக்கிறது. அதே 350ஐ டிஜிட்டலில் அடித்திருந்தால் 10தான். அச்சடித்த எண்ணிக்கையால் வகுக்கும் அடக்கவிலை அச்சகத்துக்குச் சரியான கணக்கு. தன் கைக்காசைப் போட்டுப் பதிப்பிப்பவர் விற்கப்போகும் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் பிழைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்கு முறை மெய்ப்புப் பார்த்த பிறகும், 47ஆம் பக்கத்தில் ‘பழக்கம்’ என்பது ‘பழகம்’ என்று நின்றது. ஆயிரம் பிரதிகளிலும் அது அப்படியே நின்றது. இரண்டாம் நூலை டிஜிட்டலில் 100 மட்டும் அடித்தேன். வாசகர் ஒருவர் காட்டிய மூன்று பிழைகளை அடுத்த நூறில் திருத்திவிட முடிந்தது.

பி.ஓ.டி. (பிரிண்ட் ஆன் டிமாண்ட்) எனப்படும் முறையும் டிஜிட்டல் அச்சுதான். ஆணை வந்த பிறகு ஒரு பிரதியை அடித்து நேரே வாசகருக்கு அனுப்பிவிடுவதால், இருப்பு வைக்கவும் வேண்டாம், பொட்டலம் கட்டவும் வேண்டாம். பதிலுக்கு, பிரதிக்கான அடக்கம் உயர்ந்தே இருக்கும். தாளும் அளவும் அவர்கள் வைத்திருக்கும் சிலவற்றுக்குள் அடங்க வேண்டும். வாசகர் கைக்குப் போகும் பிரதியை நாம் பார்க்கவே மாட்டோம். சிதறிக் கிடக்கும் வாசகர்களுக்கு ஏற்ற வழி இது. வெளியீட்டு நிகழ்வில் அடுக்கி வைக்க நூறு பிரதி வேண்டுமென்றால் தனியே அடித்துக்கொள்வதே நல்லது.

டிஜிட்டல் அச்சு தரம் குறைந்தது என்ற பேச்சு எழுத்து மட்டும் உள்ள நூலுக்கு இன்று பொருந்தாது. என் இரு நூல்களையும் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன்: டோனர் எழுத்து தாளின் மேல் படிந்து, சாய்த்துப் பிடித்தால் லேசாக மினுங்கியது, ஆஃப்செட் எழுத்து தாளுக்குள் இறங்கி மங்கலான கறுப்பாக இருந்தது. படிக்கும் கண்ணுக்கு இந்த வேறுபாடு தட்டுப்படாது. தட்டுப்படுவது பைண்டிங்தான். வெறும் பசையில் நிற்கும் தடித்த புத்தகத்தை விரித்துப் பிடித்துப் படித்தால் நாளடைவில் தாள் கழன்று வரும். தாளின் இழையோட்டம், அதாவது இழைகள் ஓடும் திசை, புத்தக முதுகுக்கு இணையாக இல்லாவிட்டால் புத்தகம் விரியவே முரண்டு பிடிக்கும். நான் கேள்விப்பட்ட புகார்களில் பாதிக்கு மேல் அச்சைப் பற்றியவை அல்ல, இவற்றைப் பற்றியவைதான்.

எந்த முறையானாலும், அதே தாளில், அதே பைண்டிங்கில் ஒரு மாதிரிப் பிரதியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் சம்மதம் சொல்லக் கூடாது. 120 தாள்கள், தாளுக்கு 0.1 மி.மீ. தடிமன் என்று கணக்கிட்டு என் அட்டைக்கு 12 மி.மீ. முதுகு வைத்திருந்தேன். பிறகு சற்றுப் பருமனான, 0.12 மி.மீ. தாளுக்கு மாறியபோது அதைத் திருத்த மறந்துவிட்டேன், முதுகு 14.4 மி.மீ. ஆகி, முன்னட்டை ஓவியத்தின் ஓரம் முதுகுக்கு ஏறிக்கொண்டது. மாதிரியில் தெரிந்ததால் தப்பித்தேன். தமிழ் நூலுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ‘கொ’, ‘சே’, ‘வை’ மூன்றையும் தலைப்புகளிலும் அடிக்குறிப்புகளிலும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பி.டி.எஃப். கோப்பை அனுப்புகிறேன்.

மூன்றாவது நூலில் வண்ணப் படங்கள் நிறைய இருந்தன, முன்பதிவிலேயே 620 பேர் பணம் கட்டியிருந்தார்கள். இம்முறை தயக்கமில்லாமல் ஆஃப்செட்டுக்குப் போனேன். பிளேட் போடும் முன் பக்கங்களை எண்ணியபோது 178 வந்தது. அதாவது 11 பாரம் போக இரண்டு பக்கங்கள் மிச்சம். அந்த இரண்டு பக்கங்களுக்காக இன்னொரு பாரத்தைத் தொடங்க மனம் வராமல், மூன்று பக்க நன்றியுரையை ஒரே பக்கமாகச் சுருக்கினேன்.