முதல் பக்கத்தின் ஆறாவது பாட்டு

கடந்த மாதம் அம்மாவின் அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, பழைய பிஸ்கட் டின் ஒன்றில் தையல் நூல்களுக்கு அடியில் ஒரு கேசட் கிடைத்தது. உள்ளே மடித்து வைத்த அட்டையில் நீல மையில் என் கையெழுத்து. பக்கத்திற்கு ஆறு பாட்டாகப் பன்னிரண்டு பாட்டுகளின் பெயர்கள். நாடாவின் ஓரத்தில் உப்புத் தூவியதுபோல் பூஞ்சை படிந்திருந்தது.

அது 1994ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன் பதிவு செய்தது. அப்போது நான் படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு படித்து, அதன் இறுதியில் எழுதும் பி.எம்.ஆர். அரசுத் தேர்வை முடித்திருந்தேன். எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் அதற்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள் என்றாலும், தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த எங்கள் வாயில் இன்றும் பழைய பெயர்தான் வருகிறது. ஒவ்வொரு படத்தின் கேசட்டையும் வாங்க வசதியில்லாத பிள்ளைகள், வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதி டவுனிலிருந்த கேசட் கடையில் கொடுத்துவிட்டு வருவோம். கடைக்காரர் அவற்றை வெற்றுக் கேசட்டில் பதிவு செய்து ஒரு வாரத்தில் தருவார். அதற்கான காசை, செம்பனை மரத்தடியில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சேர்த்த கூலியிலிருந்து அம்மா எடுத்துக் கொடுத்தார்.

அந்த அட்டையை இன்று வாசிக்கும்போது, அது ஏறக்குறைய ஒரே மனிதரின் பட்டியலாக இருப்பது தெரிகிறது. 1992இல் ‘ரோஜா’ படத்தின் வழியாக அறிமுகமான ஏ.ஆர். ரஹ்மான் இரண்டே ஆண்டுகளில் எங்கள் காதுகளை முழுவதுமாக எடுத்துக்கொண்டிருந்தார். ‘ஜென்டில்மேன்’, ‘திருடா திருடா’, ‘கிழக்குச் சீமையிலே’, ‘டூயட்’, ‘காதலன்’ என்று படத்திற்கு ஒன்றிரண்டாகப் பொறுக்கி எழுதியிருக்கிறேன். அவற்றுள் சில ஆட்டப் பாட்டுகள் இப்போது என்னை அசைக்கவில்லை. ‘டூயட்’ பாட்டுகள் அப்படியல்ல. அண்ணனின் பிளேயரில் இருந்தது உள்ளங்கையளவு ஒற்றை ஸ்பீக்கர்தான். அதில் ஒலித்த சாக்ஸபோனைக் கேட்டு அம்மா, “எந்தக் கோயில் நாதஸ்வரம் இது?” என்று கேட்டார். நான் திருத்தினேன், கொஞ்சம் பெருமையாகவே. அதை வாசித்த கத்ரி கோபால்நாத் நாதஸ்வரக் கலைஞர் ஒருவரின் மகன் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு படித்தபோது, அம்மாவின் காது சரியான இடத்திற்குத்தான் போயிருக்கிறது என்று தோன்றியது.

நான் அதிகம் கேட்டது முதல் பக்கத்தின் ஆறாவது பாட்டை. ‘காதலன்’ படத்தில் உன்னிகிருஷ்ணன் பாடிய ‘என்னவளே’. கருநாடக இசை மேடையிலிருந்து வந்த அவருக்கு அதுவே முதல் திரைப்பாடல். அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் என் கேசட்டில் அந்தப் பாட்டு முடிவதே இல்லை. அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் முப்பது நிமிடம்தான். ஐந்து நிமிடத்தைத் தாண்டும் பாட்டுகள் ஆறை அதற்குள் அடைத்ததால், இரண்டாவது சரணம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே நாடா தீர்ந்து, பிளேயரின் பொத்தான் ‘டக்’கென்று மேலே எழும்பிவிடும். வானொலியில் முழுப் பாட்டையும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இருந்தாலும் இத்தனை ஆண்டுகள் கழித்துக் கைப்பேசியில் கேட்கும்போதும், அந்த இடம் நெருங்கினால் என் உடம்பு அந்த ‘டக்’குக்குக் காத்திருக்கிறது. அது வராமல் பாட்டு மேலே போகும்போது, எனக்குரியதல்லாத ஒன்றை ஒட்டுக்கேட்பதுபோல் இருக்கிறது.

இன்னொரு மாற்றத்தையும் காது உடனே கண்டுகொண்டது: பாட்டு அவசரமாக ஓடுவதுபோல் இருந்தது. கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அண்ணனின் பிளேயரில் மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் வார் தளர்ந்து போயிருந்தது. அதனால் நாடா மெதுவாக நகர்ந்து, பாட்டின் வேகமும் சுருதியும் சேர்ந்தே இறங்கியிருந்தன. நான் மனப்பாடம் செய்த உன்னிகிருஷ்ணனின் குரல், அவர் பாடியதைவிடச் சற்றுத் தடித்து, சற்று நிதானமாக இருந்த குரல். மாறாக, அந்தச் சிறிய ஸ்பீக்கரில் கேட்கவே முடியாத கீழ்ச்சுருதி ஒலிகளை இப்போது இயர்போனில் முதன்முறையாகக் கேட்டேன். எப்போதும் அந்தப் பாட்டுக்குள்ளேயே இருந்த ஒன்று பதினைந்து வயதில் என்னை எட்டாமலே போயிருக்கிறது. அந்த மகிழ்ச்சியில் ஒரே இரவில் ஐந்து முறை கேட்டேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் எங்கோ தேடி வாங்கிய பழைய பிளேயர் ஒன்றோடு வந்தார். வார் புதிதாக மாற்றப்பட்டிருந்தது. ஈரப் பஞ்சால் தொட அஞ்சி, நாடாவின் பூஞ்சையை உலர்ந்த மென்துணியால் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தேன். தொய்ந்த சுற்றுகளைப் பென்சிலை நுழைத்துச் சுற்றி இறுக்கினேன். முதல் பக்கம் முழுவதும் ஓடியது. ஒலி ஆங்காங்கே மங்கி மங்கித் தெளிந்தது. அம்மா முன்வாசலில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்கிறாரா என்று தெரியவில்லை. ஆறாவது பாட்டின் இரண்டாவது சரணத்தில், எனக்கு நன்றாகத் தெரிந்த அதே சொல்லின் நடுவில், ‘டக்’கென்று பொத்தான் எழும்பியது.

அம்மா கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. “திருப்பிப் போடும்மா, அடுத்த பக்கம்தான் அந்த நாதஸ்வரப் பாட்டு” என்றார்.