ஊசி முனையும் மேனேஜரும்

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனி படுத்துடுச்சுன்னா உடனே எல்லாரும் சொல்றது டாலர் ரேட்டு, சைனா போட்டி, தோல் பதனிடற டேனரிங்க கழிவுநீர சுத்தம் பண்ணித்தான் விடணும்னு 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததுல இருந்து அதுக்கு ஆகுற செலவு. எல்லாம் உண்மைதான், ஆனா அதே செலவுல பக்கத்து காம்பவுண்ட்ல இன்னொருத்தர் நல்லா ஓட்டிட்டு இருக்காரே, அத யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. நான் பாத்த வரைக்கும் மேனேஜர் தானே எப்படி நடந்துக்கறாருங்கறதுலதான் பாதி விஷயம் இருக்கு.

அப்பர், அதாவது ஷூவோட மேல் பாகம், தைக்கிற லைன்ல ஊசி உடைஞ்சா, துண்டு அத்தனையும் தேடி எடுத்து ரிஜிஸ்டர்ல டேப் போட்டு ஒட்டினாதான் புது ஊசி தருவாங்க, ஒரு முனை உள்ளயே தங்கிட்டா போடறவங்க கால்ல ஏறிடும், குழந்தைங்க ஷூன்னா சொல்லவே வேணாம். நான் வேலை செஞ்ச ஒரு இடத்துல கன்டெய்னர் கெளம்பற ராத்திரி முனை கெடைக்கல. ப்ரொடக்ஷன் மேனேஜர் சத்தமே போடல, காந்தத்த வாங்கிட்டு மிஷினுக்கு அடியில மண்டி போட்டு தேட ஆரம்பிச்சிட்டாரு, தைக்கிற பொண்ணு "சார் நீங்க எந்திரிங்க சார்"னு பதறுது, "நீ அந்தப் பக்கம் பாரும்மா"ன்னாரு. கெடச்ச அப்புறந்தான் பெட்டி ஒட்டினாங்க. அவர் இருந்த வரைக்கும் அந்த லைன்ல ஊசி உடைஞ்சா ஒடனே கை தூக்கிடுவாங்க.

அப்புறம் வேற ஒருத்தர் வந்தாரு. இதே மாதிரி ஒரு அவசரத்துல "பழைய துண்டு ஏதாவது இருந்தா ஒட்டி விடு, லாரி நிக்குது"ன்னுட்டாரு, ஒரே ஒரு வாட்டிதான். கொஞ்ச நாள்ல பாத்தா லைனுக்கு லைன் டப்பாவுல பழைய முனைங்கள சேத்து வச்சிருக்காங்க, ரிஜிஸ்டர் மட்டும் சுத்தமா இருக்கு. செக்கிங்ல பாக்காமயே கையெழுத்து, தோல் கிரேடு மாத்தி எழுதறதுன்னு பரவிடுச்சு, ரிப்போர்ட்ல எல்லாம் ஓகே, பையருங்க மட்டும் ஒவ்வொருத்தரா விலகிட்டாங்க. கடைசில வேலைய விட்டு நிறுத்தி நோட்டீஸ் குடுத்தது தைக்கிற பொண்ணுங்களுக்கு, எனக்கு அது இன்னிக்கும் ஆறல.

1987ல அமெரிக்காவுல அல்கோவா அலுமினிய கம்பெனிக்கு தலைமைக்கு வந்த பால் ஓ'நீல், முதலீட்டாளருங்ககிட்ட மொத பேச்சே தொழிலாளிங்க பாதுகாப்ப பத்திதான் பேசினாரு. பேச்சு யாரு வேணாலும் பேசலாம். ஆனா 1996ல, மெக்சிகோ பிளான்ட்ல ஆளுங்க புகையால பாதிக்கப்பட்டத மேலிடத்துக்கு சொல்லாம விட்டதுக்காக, நல்லா சம்பாதிச்சு குடுத்துட்டிருந்த பெரிய அதிகாரியவே அனுப்பிட்டாரு பாருங்க, கீழ இருக்கறவங்க நம்பினது அதுல இருந்துதான் இருக்கும். அவர் காலத்துல விபத்தும் கொறஞ்சுது, லாபமும் பல மடங்கு ஏறிச்சு.

நம்ம டேனரிங்கள்ல ராத்திரி ஷிஃப்ட்ல கழிவுநீர் தொட்டிக்கு ப்ளோயர், அதாவது தண்ணிய சுத்தம் பண்ண காத்து அடிக்கிற மிஷின், ஓடுதா நிக்குதாங்கறதும் இதே கணக்குதான். மேனேஜர் ரெண்டு மணிக்கு வந்து தொட்டிய எட்டிப் பாத்துட்டுப் போவாருன்னு தெரிஞ்ச எடத்துல ஒருத்தரும் ஸ்விட்ச்ல கை வைக்க மாட்டாங்க, அவரே "கரண்ட் பில்லு எகிறுதுப்பா"ன்னு சொல்ற எடத்துல இன்ஸ்பெக்ஷன் வர்ற அன்னிக்கு மட்டுந்தான் ஓடும், மிச்ச நாளெல்லாம் கழிவுநீர் அப்படியே பாலாத்துக்குத்தான் போகும்.