பிசாவில் இரண்டு பிரதமர்கள் இருந்தபோது

2019 அக்டோபர் 28, திங்கட்கிழமை. கினி-பிசாவின் தலைநகரான பிசாவில், தூத்துக்குடிக்குப் போகவேண்டிய எங்கள் கடைசி லோடு முந்திரிக்கொட்டை கிடங்கில் தயாராக இருந்தது. மருந்தடித்தாயிற்று. பாக்கி பைட்டோ மட்டும்தான். சரக்கில் பூச்சியோ நோயோ இல்லை என்று வேளாண் துறை தரும் சான்றிதழ் அது. அது இல்லாமல் இந்தியாவில் கொட்டையை இறக்க முடியாது.

அன்று இரவு செய்தி வந்தது. குடியரசுத் தலைவர் வாஸ், பிரதமர் அரிஸ்டிடெஸ் கோமெஸின் அரசைக் கலைத்துவிட்டார். மறுநாளே ஃபாஸ்டினோ இம்பாலியைப் பிரதமர் ஆக்கினார். கோமெஸ் பதவியை விட்டுக்கொடுக்கவில்லை. வாஸின் பதவிக்காலமே ஜூனில் முடிந்துபோனது. நவம்பர் 24இல் நடக்கவிருந்த குடியரசுத் தலைவர் தேர்தல் வரை கோமெஸ் அரசுதான் நாட்டை நடத்த வேண்டும் என்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தது.

இதெல்லாம் பேப்பரில் படிக்கும்போது தூரத்து அரசியல். கையில் ஃபைலோடு அலுவலக வாசலில் நிற்கும்போது ஒரே கேள்விதான்: யாருடைய கையெழுத்து செல்லும்?

முதல் நாள் பூட்டிய கதவு. இரண்டாம் நாள் ஃபைலை வாங்கிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு தரகர் வந்து, "புது ஆட்கள் வந்துவிட்டார்கள், இன்றே சீல் வாங்கித் தருகிறேன்" என்றார். நான் கிட்டத்தட்ட சம்மதித்துவிட்டேன். இன்னும் தாமதமானால் திரும்ப மருந்தடிக்க வேண்டும், கண்டெய்னர் வாடகையும் ஏறிக்கொண்டிருந்தது.

தடுத்தவர் எங்கள் கணக்காளர், அந்த ஊர்ப் பெரியவர். 2015 ஆகஸ்டில் இதே வாஸ் இப்படித்தான் பசிரோ ஜாவைப் பிரதமர் ஆக்கினார். நியமனமே செல்லாது என்று செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அவரும் விலகினார். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "நாளைக்கு இந்த சீலும் செல்லாமல் போனால், சரக்கு நடுக்கடலில் இருக்கும்போது என்ன செய்வாய்?" என்று கேட்டார்.

காத்திருந்தோம். அந்த நாட்களில் தூக்கமே இல்லை. ஊரில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுவிடுமோ என்ற பயம் எல்லோர் முகத்திலும் இருந்தது. 2012இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை யாரும் மறக்கவில்லை. எங்களுக்கு ஒரு லோடுதான் நின்றது. அவர்களுக்கு நாடே நின்றிருந்தது. முந்திரியை விற்று அரிசி வாங்கும் குடும்பங்கள் நிறைந்த நாடு அது.

நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. எகோவாஸ் தலைவர்கள் நைஜர் நாட்டின் தலைநகரான நியாமியில் கூடிய அன்றே இம்பாலி ராஜினாமா செய்தார். பதவிக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அடுத்த வாரம் பழைய மேசையிலேயே, பழைய அதிகாரியின் கையெழுத்தோடு பைட்டோ கிடைத்தது. திரும்ப மருந்தடித்த செலவு எங்களுடையதுதான், அதில் எனக்கு வருத்தமே இல்லை. இதே நிலையில் யாராவது மாட்டிக்கொண்டால், அவசர சீலுக்குப் போகாதீர்கள். மருந்தடித்த ரசீதையும் விண்ணப்பம் கொடுத்த தேதியையும் பத்திரமாக வைத்திருங்கள். வாடகையைப் பற்றிக் கப்பல் ஏஜென்ட்டிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

24ஆம் தேதி குடியரசுத் தலைவர் தேர்தல் சொன்னபடியே நடந்தது. எங்கள் கணக்காளர் விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றார்.