சேர்வராயன் உச்சியில் ஒரு கோவாக் கல்

ஏற்காட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். சித்தப்பாவோடு சேர்வராயன் கோயில் வரைக்கும் ஏறியது போன ஞாயிற்றுக்கிழமைதான். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஒரு டீ, அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். சித்தப்பா சங்ககிரி லாரிகளில் இருபது வருஷம் ஓட்டியவர். ஒவ்வொரு வளைவிலும் அவர் கால் தானாக பிரேக்கைத் தேடியது.

1,600 மீட்டருக்கு மேலே இருக்கிற அந்த உச்சி, மைதானம் மாதிரி தட்டையாக விரிந்து கிடக்கிறது. குனிந்துதான் குகைக்குள் போக வேண்டும். சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டு வெளியே வந்ததும் சித்தப்பா கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்தார். செக்கச் சிவந்த கல், கரையான் அரித்தது போல உடம்பெல்லாம் துளை.

“இங்க பாரு கண்ணு, கோவாவுல இந்த மாதிரி கல்லுலதான் வீடே கட்டுறாங்க.”

அவர் சொன்னது சரிதான். வெயிலும் மழையும் மாறி மாறி அடித்து, யுகயுகமாகப் பாறையிலிருந்து சிலிக்கா கரைந்து போனபின் மிஞ்சுவதுதான் செம்பாறாங்கல். நம் மலையில் அதில் அலுமினியம் தூக்கல். அதனால்தான் இங்கே பாக்சைட் வெட்டினார்கள். கோவாவில் இரும்பு தூக்கல். 1605இல் கட்டி முடித்த பாம் ஜீசஸ் தேவாலயம் இன்று பூச்சில்லாமல் அந்தச் சிவப்போடுதான் நிற்கிறது.

சித்தப்பா ஒரு குச்சியால் மண்ணில் கோவாவை வரைந்தார். கிழக்கே சஹ்யாத்ரி என்கிற மேற்குத் தொடர்ச்சி மலை, மேற்கே அரபிக்கடல், நடுவே மாண்டவி, சுவாரி ஆறுகள். மொத்தமே 3,702 சதுர கிலோமீட்டர். நம் சேலம் மாவட்டமே அதைவிடப் பெரியது! 1510இல் போர்த்துக்கீசியர் பிடித்தார்கள், 1961 டிசம்பரில் இந்தியாவோடு சேர்ந்தது, 1987இல் தனி மாநிலம் ஆனது. இதெல்லாம் எனக்கும் தெரியும். அவர் அதற்கப்புறம் சொன்னதைத்தான் நான் கேள்விப்பட்டதே இல்லை.

பரசுராமர் அம்பு விட்டுக் கடலைப் பின்வாங்க வைத்த பூமி என்று அங்கே கதை உண்டு. அம்பு விழுந்த இடம் பாணாவலி என்கிறார்கள். ஆனால் கடலிடமிருந்து நிலத்தை மண்வெட்டியாலேயே மீட்டவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆற்று முகத்துவாரங்களில் மண்கரை போட்டு, கடல் மட்டத்துக்கும் தாழ்வான சதுப்பில் நெல் விளைவிக்கிறார்கள். அந்த வயலுக்குக் கசான் என்று பெயர்.

ஒருமுறை லோடு கிடைக்காமல் இரண்டு நாள் காத்திருந்தபோது சித்தப்பா அதன் மதகுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாராம். ஓதம், அதாவது கடல் அலையேற்றம், ஏறினால் உப்புத் தண்ணீர் வெளியிலிருந்து தள்ளி மரக்கதவு தானே மூடிக்கொள்ளும். ஓதம் வடிந்தால் உள்ளே நிற்கிற தண்ணீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். அந்த வாயிலேயே வலை கட்டி மீன் பிடிப்பார்கள்.

“நம்ம ஏரி மதகு தண்ணிய வயலுக்கு விடுது. அது கடல வயலுக்குள்ள விடாம நிக்குது. கரை ஒரு இடத்துல உடைஞ்சாப் போதும், உப்பு ஏறி வருஷக்கணக்கா நெல்லு வராது. அதனால ஊரே சேர்ந்து கரையைப் பாக்கணும்” என்றார். இரண்டு உள்ளங்கைகளையும் கதவு போல விரித்து, ஓதம் ஏறுவதையும் வடிவதையும் மறுபடி மறுபடி செய்து காட்டினார்.

மஞ்சு இறங்கத் தொடங்கியதும் கிளம்பினோம். ஒண்டிக்கடையில் காபி குடிக்க நிறுத்தியபோதுதான் கவனித்தேன். அந்தக் கல்லை வேட்டி மடியிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தார். வெள்ளை வேட்டியில் செம்மண் ஏறியிருந்தது.